பதினான்காம் வரிசை

கோடை முழுதும் என் வேலை நிறம் எழுதுவது.
ப்ளோவ்திவ் நகருக்கு வெளியே கண்ணாடிக் கூடாரம்,
உள்ளே நாற்பத்தொரு டிகிரி,
கழுத்தில் ஈரத்துண்டு, காதில் பென்சில்.
ஒவ்வொரு காம்பிலும் பூத்த தேதி தொங்கும்.
நாள் எண்ணி நோட்டில் குறிப்பேன்:
முப்பத்தைந்து, காய்.
நாற்பது, அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு நாணயம்.
நாற்பத்திரண்டு, செங்காய்.
நாற்பத்தேழு, பழம்.

பதினான்காம் வரிசைக்கு வந்தால் கை நின்றுவிடும்.
நாற்பத்தேழு, பச்சை.
அறுபது, பச்சை.
எழுபத்தெட்டு, எலுமிச்சை மஞ்சள்.
அதற்குப் பிறகு கட்டங்களில்
மேற்படி, மேற்படி, மேற்படி.

தலைக்குப் பொருந்தாத தொப்பி மாதிரி
காம்படியில் அகன்ற இதழ்கள்.
பறித்து, கனிந்த வாழைப்பழத்தோடு
காகிதப் பையில் கட்டி வைத்தேன்.
பக்கத்து வரிசைக் காய்கள் சில இரவுகளில்
சொன்ன பேச்சைக் கேட்டுச் சிவந்தன.
இது பையைவிட்டு வந்தது
போனபடியே.

ஸ்தோய்மெனோவ் திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்:
"அடுத்தடுத்த இரண்டு வாக்கியம்.
நடுவில் கொஞ்சம் எழுத்து உதிர்ந்துவிட்டது,
முற்றுப்புள்ளியோடு சேர்த்து.
ஒட்டிக்கொண்ட வாக்கியத்துக்கு
ஒரே பொருள்தான்: வேண்டாம்.
செடி பாவம், எழுதியிருப்பதைப் படிக்கிறது."

செப்டம்பர் கடைசியில் கீழ்வீட்டு ஸ்வெதோமிரா
முற்றத்தில் அடுப்பு மூட்டினாள்.
குடமிளகாய் சுட்ட புகை மூன்றாம் மாடி வரை.
லியூதெனித்சா கிளற ஆள் போதாமல்
கரண்டியை என்னிடம் தந்தாள்.
என் மஞ்சள் காயைப் பார்த்து,
"இதற்கா உனக்குச் சம்பளம் தருகிறார்கள்?
குறைப்பிறவி" என்றாள்.
அவள் மடியில் அவள் ஊர்த் தக்காளி,
இளஞ்சிவப்பு, ஒன்று அரைக்கிலோ,
மாமியார் வழி வந்த விதை,
இனாமாய் யாருக்கும் தராதது.

ஒன்றை எடுத்துத் தோலை உரித்தேன்,
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
நிறமே இல்லை. கண்ணாடித்தாள்.
மற்றத் தக்காளிகளுக்குத் தோலில் ஒரு மஞ்சள் உண்டு;
சதையின் சிவப்போடு அது சேர்ந்தால்தான்
சந்தையில் நாம் பார்க்கும் சிவப்பு.
என்றைக்கோ ஒரு செடியில்
அந்த மஞ்சளை எழுதும் இடம் கெட்டுப்போனது.
கெட்டது அழகாய் இருந்தது.
யாரோ விதையைத் துடைத்து எடுத்துவைத்தார்கள்.

இதுவும் குறைப்பிறவிதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கொப்பரை கொதித்துத் தெறித்தது.
கிளறினேன்.

கடையில் மூன்று வாரம் கல்லாய் நிற்கும் தக்காளிகளில்
சிலவற்றுக்குப் பதினான்காம் வரிசையின் பாதி ரத்தம்.
பனிக்காலத்தில் ஸ்வெதோமிராவும் வாங்குகிறாள்,
ருசியில்லை என்று திட்டிக்கொண்டே.

என் காய் ஜன்னல் விளிம்பில் இருந்தது.
டிசம்பரில் தோல் சுருங்கவில்லை. ஜனவரியில் லேசாக.
பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, கத்தி எடுத்தேன்.
வெளிறிய சதை, முகர்ந்தால் ஒன்றுமில்லை.
விதைகள் மட்டும் முற்றி,
மெல்லிய ரோமத்தோடு, அடர்ந்து கிடந்தன.
பழம் ஆகட்டும் என்று
அவை யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

தயிர்க் கிண்ணத்து மண்ணில் ஒன்பது போட்டேன்.
ஏழு வந்தன,
வளைந்த கழுத்தோடு, ஜன்னல் பக்கமாய்ச் சாய்ந்து.

நோட்டில் அந்தக் காய்க்கு
இன்னும் ஒரு கட்டம் மிச்சமிருந்தது.
மேலே 'இறுதி நிறம்' என்று அச்சடித்திருந்தது.
கீழே
'ஏழு' என்று எழுதினேன்.