குக்கர் குண்டு

மூதூர் லோஞ்சில் இறங்கி ஆட்டோ பிடித்து
கட்டைபறிச்சான் சென்றியில் வரிசைக்கு வரும்போது ஒன்பதரை.
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.
தாலி கட்டி ஏழு மாதம்;
எங்களுக்கு நடுவில் இன்றைக்கு ஒரு தகரம்.

மாமி என்னைப் படத்தில்தான் பார்த்திருக்கிறா.
கலியாணத்துக்கென்று வெளிக்கிட்டு வந்து
இதே இடத்தில் மத்தியானம் வரை நின்று
பாதை பூட்டு என்றதும்
கொண்டுவந்த பலகாரத்தோடு திரும்பிப் போனவ.
அவவுக்கென்று மெயின் வீதியில்
சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன்
ஐந்து லீற்றர் குக்கர்.

மேசைக்காரன் பெட்டியைப் பிரித்தான்.
"மே மொகக்த?"
பத், என்றேன். சோறு.
மூடியைக் கழற்றினான். ரப்பர் வளையத்தை இழுத்து விட்டான்.
அடியில் தட்டிக் காது கொடுத்தான், பூசணி வாங்குகிறவன் போல.
பிறகு மூடிமேல் இருக்கும் அந்தச் சின்ன இரும்பைத் தூக்கித்
தமிழிலேயே கேட்டான், மரியாதையாகத்தான்:
"இது என்ன, அக்கா?"

எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர்.
அம்மா சொல்வா, தங்கச்சி சொல்வாள்,
பருப்புக் கருகும் மணம் வந்தால்
பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவும் கத்துவார்.
வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது:

"குண்டு."

பின்னால் நின்ற மீன்காரி இருமினாள்.
தகரத்துக்கு அந்தப் பக்கம்
இவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.
மேசைக்காரனுக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொல்லில்
அதுவும் ஒன்று.
முதல் கிழமையே படிப்பித்திருப்பார்கள்.

அவன் கோபிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து
நிறை பார்த்தான் கொஞ்ச நேரம்.
"இது இங்க. திரும்பி வாறது, எடுக்கிறது."
பிஸ்கட் தகரமொன்றைத் திறந்து போட்டான்.
டங் என்றது. உள்ளே வேறும் ஏதோ கிடந்தது.

இடையில் ஒருவருக்கும் சொந்தமில்லாத றோட்டு.
குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார் இவர்.
பாதி வழியில்தான் சிரிப்பு வந்தது,
உட்காரவேண்டி வந்தது இரண்டு பேருக்கும்.

அடுத்த மேசையில் மீசை சரியாக முளைக்காத பெடியன்.
கொப்பியில் கோடு போட்டு எழுதினான்:
குக்கர் ஒன்று. வரி அறுபது ரூபா.
மூடியைத் திருப்பிப் பார்த்து நிறுத்தினான்.
"குண்டு எங்க?"
அவங்கள் வைச்சிட்டாங்கள்.
பேனையை உதறினான், யோசித்தான்.
"அப்ப இது பானைதானே. இருபது தாங்கோ."

மாமி என் முகத்தைத் தொட்டுப் பார்த்தா,
பிறகு குக்கரை.
விறகடுப்பில் ஏற்றி, மூடாமல், உலையை வைத்தா.
கைப்பிடி உருகி முற்றமெல்லாம் மணந்தது.
"நல்ல கனமான பானை, பிள்ளை."
ஒன்றும் சொல்லவில்லை நான்.

நாலாம் நாள் திரும்பும்போது
வரித் துண்டை இவர் மென்று பற்றைக்குள் துப்பினார்.
மேசையில் வேறொருவன். கதையைக் கைகளால் சொன்னேன்.
தகரத்தைக் கவிழ்த்துக் கொட்டினான்:
டோர்ச் பல்புகள், ஒரு கத்தரிக்கோல்,
பிள்ளையின் கிலுகிலுப்பை,
குக்கர் குண்டு மூன்று.

மூன்று.
எனக்கு முன்னால் இரண்டு மருமக்கள்
இதே கேள்விக்கு இதே பதில் சொல்லியிருக்கிறார்கள்.
ஒன்று வழியில் செத்துப்போன கலியாணமா,
மறந்துபோனதா, வேறு பாதையால் திரும்பினார்களா,
யாரிடம் கேட்பது?
"எது?" என்றான் கண்ணால்.
நடுவில் கிடந்ததை எடுத்தேன்.

அது இப்போது என் பேர்ஸில், சில்லறையோடு.
லோஞ்சில் இவர் கேட்டார், எங்கடைதானா என்று.
கடல் கொஞ்சம் குழம்பியிருந்தது, கேட்காதது போல் இருந்தேன்.

அடுத்த லீவுக்கு ஒரு சிங்களச் சொல் பாடமாக்கியிருக்கிறேன்:
பர.
நம்முடைய பாரம்தான், வால் நறுக்கியது.
வீட்டிலும் நாங்கள் அதை வெயிட் என்கிறோம்.
அம்மாதான் மாறவில்லை.
"குண்டைப் போடு பிள்ளை" என்று குசினியிலிருந்து அவ கூப்பிட்டால்
இவர் எழும்பிப்போய்
றோட்டுப் பக்க யன்னலைச் சாத்துகிறார்.