வெட்டம்

சத்தம் உண்டு, வெட்டம் இல்லை
என்று டிவியை என் மேசைமேல் கிடத்தினாள்
இஞ்சிவிளை ரெத்னலீலா.
பழைய சாரத்தில் பொதிந்து
களியக்காவிளை வரை ஆட்டோவில்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம்.

மூன்று மாதமாகிறது.
போட்டதும் ஒரு மின்னல்,
ஒண்ணு ரெண்டு எண்ணுமுன் இருட்டு.
அப்புறம் பேச்சு மட்டும்.
பாறசாலையில் ஒருவர் ஐசி போயிற்று என்று
இரண்டு தடவை மாற்றினாராம்.
இரண்டு தடவையும் எழுநூறு.

கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
திரையோடு ஒட்டிச் சாய்த்து
டார்ச் அடித்தேன்.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காது,
காதில் ஜிமிக்கி,
ஜிமிக்கி ஆடியது.
படம் போகவில்லை அக்கா,
அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது,
பின்னால் விளக்குப் பிடிக்க ஆளில்லை.

ஆள் என்றால் இது:
ஒரு அரிசிமணி நீளம், எட்டுக் கால்,
முதுகில் எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துத்தான் படிக்கணும்.
இருபத்துநாலு வோல்ட்டை வாங்கித்
தொண்ணூறாக உந்தி
வரிசையில் நிற்கிற முப்பது விளக்குக்கும்
கூடாமல் குறையாமல் அனுப்பும்.
வெளிச்சம் குறையட்டும் என்று ரிமோட்டை அமுக்கினால்
குறைக்காது,
நொடிக்கு இருநூறு தடவை
அணைத்து அணைத்துக் கொளுத்தும்.
நம் கண்தான் அதற்கு
மங்கல் என்று பேர் வைத்துக்கொள்கிறது.

முப்பதில் ஒன்று செத்தால் வழி அறுந்துபோகும்.
இது தள்ளிப் பார்க்கும்,
இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும்,
பிறகு மொத்தத்தையும் மூடிவிடும்,
எதிரே செக்போஸ்டில்
ஒரு கோழிவண்டிக்குக் காகிதம் சரியில்லை என்று
குழித்துறை வரை லாரி நிற்கிற மாதிரி.
பாறசாலைக்காரர் மாற்றியது போலீஸ்காரனை.
வண்டி அங்கேயே நின்றது.

கண்ணாடியைத் தூக்கும்போது நான் மூச்சு விடுவதில்லை.
ரெத்னலீலாவும் விடவில்லை.
வெள்ளைத் தாள் மூன்று விலக்கினால்
உள்ளே செத்த எறும்புகள்,
பதினேழாவது விளக்கின் நடுவில்
கடுகளவு கருப்பு.
அதை மாற்றினேன். ஐசியைத் தொடவில்லை.
அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த
இரண்டு ரெசிஸ்டரில் ஒன்றைப் பிடுங்கினேன்.
கரண்டு கொஞ்சம் குறையும்,
விளக்கு கொஞ்ச காலம் கூட இருக்கும்.
இதை நான் எல்லோருக்கும் செய்வேன்,
யாரிடமும் சொல்வதில்லை.

ஆறரை மணிக்குப் போட்டுக் காட்டினேன்.
மின்னல் வந்தது,
வந்தது நின்றது.
நீலம் அவள் கண்ணாடியில் ஏறியது.
சீரியல் ஓடியது.
யாரோ ஒருத்தன் வாசலில் நின்று
பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.
ரெத்னலீலா குனிந்து பார்த்தாள்.

இவனா மாதவன்குட்டி?
நான் நல்ல பொக்கமுள்ள ஆளுன்னு நினைச்சேன்.

டிவி இருண்ட பிறகு கதைக்குள் வந்தவனாம்.
மூன்று மாதம் குரலைக் கேட்டே
அவனுக்கு மீசை வைத்திருந்தாள்,
வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

பணத்தை எண்ணி வைத்தாள், நூறு குறைவு,
சனிக்கிழமை தருவதாகச் சொன்னாள்.
நான் சாரத்தை எடுத்துப் பொதியப் போனேன்.
இரு, என்றாள்.
அவன் மறுபடி பேசத் தொடங்கினான்.
ரெத்னலீலா
கண்ணை மூடிக்கொண்டாள்.