திறந்த கம்பி

கல்லிடைக்குறிச்சி காயலான் கடையில்
மிக்ஸி ஜாருக்கு அடியில் கிடந்தது
ஏழு அங்குலத் தட்டு.
நடுக்காகிதத்தைக் கரப்பான் தின்றது போக
‘மில் எக்கோஸ்’ என்ற பெயர்,
பென்சிலில் ஒரு வருஷம்.
எழுபத்தொன்றா எழுபத்தேழா,
எழுதிய கை நடுங்கியிருக்கிறது.

நான் பாட்டுக்காரன் இல்லை.
வீரவநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
ரிப்பேருக்கு வந்து
யாரும் திரும்ப வாங்காத பிளேயரில்
ஷட்டரை இறக்கிவிட்டுப் போட்டேன்.
கர்த்தரிடமா காதலியிடமா, பிடிபடவில்லை,
ஒருத்தர் கெஞ்சுகிறார்: விளக்கை அணைச்சிராத.
பின்னால் மூன்று பேர் முனகுகிறார்கள்.
இரண்டாம் சரணத்தில் அந்தக் குரல்
ஏணி இல்லாமல் மாடி ஏறியது.
கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை, கிட்டார்:
“பாளையங்கோட்டை. கோயில் பின்னறை. புதன்கிழமை.
ஐயர் மீன் வாங்கப் போன நேரம்.”
விக்கிரமசிங்கபுரத்தில் முப்பிடாதி, பாங்கோஸ்:
“அவன் கெடக்கான் வேய். மில்லு பஞ்சுக் குடோன்லா.
பொதிக்கு நடுவுல நின்னாத்தான் எதிரொலிக்காது.
எக்கோ பேருல மட்டுந்தான்.”
நாற்பதாம் நொடியில் வரும் ஊளை
ஒருவருக்குக் கூட்ஸ் வண்டி, ஒருவருக்கு மில் சங்கு.

இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்:
அந்த உச்சியை அருமைநாயகம்
அப்புறம் ஒருநாளும் தொடவில்லை.
அம்பாசமுத்திரம் கொடையில் தொண்டை உடைந்தது.
தென்காசியில் இருமினார், கூட்டம் சிரித்தது.
“ஒருக்க பாடுனவன் மறுக்க பாட மாட்டானா?
வேற ஆள் வச்சோம்,” என்றார் மைதீன் பிச்சை
டீயை ஆற்றிக்கொண்டே.
அருமைநாயகம் ஸ்பின்னிங்கிலேயே ரிட்டயர் ஆகி
விடிகாலை ஆற்றில் கழுத்தளவு நின்று
சாதகம் செய்து செய்து
போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று ராத்திரி
குரலை விட்டுவிட்டுக் கிட்டாரைப் பிடித்தேன்.
அடிக்கம்பி. விரல் படாத கம்பி.
சரணம் முழுக்க ஒரே சுருதியில் நிற்க வேண்டியது
அதுவும் ஏறுகிறது.
பாங்கோஸும் ஏறுகிறது.
என் பிளேயரைச் சந்தேகித்துப் பிரித்தேன்.
சுத்தம்.

பதிவு மெஷினின் மோட்டார் தளர்ந்திருக்கிறது.
நாடா மெல்ல ஓடிப் பதிந்தது
திருப்பிப் போட்டால் மேலே போகும்.
லோ வோல்டேஜ்.
பிசானத்துக்குப் பாய்ச்ச
கடையத்திலோ சேரன்மகாதேவியிலோ எவரோ
பம்புசெட்டைப் போட்டிருக்கிறார்.
அவர்தான் பாடியது.

ஐப்பசிக்கும் மாசிக்கும் நடுவே என்று
வேண்டுமானால் சொல்லலாம்.
வருஷம் தெரியவில்லை. இடமும்.

மைதீன் பிச்சைக்குப் போன் போட்டேன்.
“என்ன, துப்பு கிடைச்சுதா?”
முன்னால் அஞ்சு ஹெச்பி மோட்டார்
வயிறு திறந்து கிடந்தது.
“அந்த ஊளை மில் சங்குதான்னு நெனைக்கேன்.”
“அப்போ முப்பிடாதி ஜெயிச்சுட்டான்,” சிரித்தார்.
வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
வைக்கவில்லை.
“அந்த எடத்த மட்டும் ஒருக்க போடும் வேய்.”

போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன்.