கசிவு

கிராஸ் நகரம், நவம்பர், விடிய மூன்று மணி.
அடித்தள ஆய்வகத்தில்
ஐந்து லிட்டர் கலனுக்குள் நுரை ஏறுகிறது.
மோர் நிறம். புளித்த மாவு வாடை.
நேற்றெல்லாம் கிளிசரால் தின்று கொழுத்த ஈஸ்டுக்கு
இப்போது சொட்டுச் சொட்டாய் மெத்தனால்.
நமக்குக் கண்ணைப் பறிக்கும் நஞ்சு.
அதற்கோ, வேலையைத் தொடங்கு என்றொரு சொல்.

இதன் மூதாதையை
பிரான்சில் ஏதோ ஒரு செஸ்ட்நட் மரத்தில்,
பட்டை வெடித்துக் கசிந்த சாற்றில் எடுத்தார்களாம்.
"காயத்தில் பிழைப்பு நடத்திய வம்சம்,"
என்றான் வெத்ரன்.

அவனுக்குத் தட்டணுக்கள் பதினெட்டாயிரம்.
காலையில் பெட்டி தூக்கினால்
மாலையில் முன்கையில்
நாவற்பழம் நசுங்கியிருக்கும்.

நாங்கள் ஒட்டவைத்தது இரண்டு புரதங்களை.
ஒன்று, எலும்பு மஜ்ஜையில் தூங்கும்
பேரணுக்களைத் தட்டியெழுப்பும் துணுக்கு;
தனியே விட்டால்
ஒரு மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும்.
மற்றது ஆல்புமின்.
ரத்தத்தில் நாட்கணக்காய் மிதக்கத் தெரிந்தது.
இதை முதுகில் ஏற்றிக்கொண்டு போ என்றோம்.

ஆறு முறை ஏமாந்தோம்.
ஒட்டிய இடம் பார்த்து
ஈஸ்டே தன் கத்தரியால் வெட்டிவிட்டது.
ஜெல்லில் ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டு.
கூந்துலா பேசாமல் கலனைக் கழுவினாள்.
கத்தரியின் ஜீனை அழித்தாள்,
வெப்பத்தை இருபத்திரண்டுக்கு இறக்கினாள்,
மறுபடி விதைத்தாள்.

மூன்றரை. பதிவேட்டைப் புரட்டும்போது
வெத்ரனின் வெறும் விரலைக் காகிதம் கீறியது.
சின்னக் கீறல்.
பஞ்சை அழுத்திக்கொண்டு
கலனின் கடிகாரத்தையே பார்த்தான்.
ஏழு நிமிடம். சிவப்பு.
பன்னிரண்டு. இன்னும் சிவப்பு.
இருபத்தொன்றில் நின்றது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருந்து,
இந்தப் பக்கம் விரல்,
நடுவே ஒரு முழம்.
நான் நுரையடக்கியை ஊற்றினேன்,
வேறென்ன செய்ய.

எட்டு மணிக்கு ஜெல்:
ஒரே கோடு. நேராக, கறுப்பாக.
கூந்துலா அதை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள்.

எலிகளுக்குத்தான் முதலில்.
அப்புறம் படிவங்கள், அப்புறம் வருடங்கள்,
அப்புறம் எங்கோ யாரோ ஒருவரின் கை.
சிமிழ்களை உறைபெட்டியில் அடுக்கிவிட்டுப்
படியேறினோம்.

தெருமுனையில் வறுவல் வண்டிக்காரர்
அடுப்பு மூட்டுமுன்
செஸ்ட்நட் கொட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து
கத்தியால் கீறிக்கொண்டிருந்தார்.
கீறாவிட்டால் நெருப்பில் வெடித்துவிடுமாம்.

கட்டுப்போட்ட விரலைக்
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
வெத்ரன் கேட்டான்:
எப்போது தயாராகும்?