ஈரமூட்டை

பேயின்னாங் சந்தையில் முப்பத்தொரு வருஷம்
உளுந்து நிறுத்தவன் நான்.
எந்த வியாபாரி ராத்திரியில் தண்ணீர் தெளித்தான் என்று
மூட்டையைத் தொட்டாலே தெரியும்.
கையை நுழைத்து ஒரு பிடி அள்ளுவேன்.
பருப்பு விரலில் ஒட்டினால்
எடுத்துப் போ, காயவைத்துக் கொண்டுவா.
ஊ தான் மாவுங் என்று பர்மியர்கள்,
தராசுக் குழந்தைவேலு என்று நம்மாட்கள்.
இரண்டு பெயரிலும் திட்டியிருக்கிறார்கள்.

போன வாசோ மாதம் செருப்பு சிறுத்துவிட்டது.
கழற்றிப் போட்ட பிறகும்
வார் இருந்தது காலில், பள்ளமாக.
மழையில் ரப்பர் சுருங்கும் என்றேன்.
அங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை,
ஒரு எண் பெரியதாக வாங்கி வந்தாள்.
அது பத்து நாள் வந்தது.

பிறகு கைலி முடிச்சு.
பிறகு தலையணை: ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்று.
மல்லாந்தால் நெஞ்சுக்குள்
நனைந்த கோணியை யாரோ விரிக்கிறார்கள்.
உட்கார்ந்தே விடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

டாக்டர் தின் தின் ஏ சின்னப் பெண்.
கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை ஊன்றி
தனக்குள் எண்ணிவிட்டு எடுத்தாள்.
குழி நின்றது.
ஒரு உளுந்து அதில் உட்காரும்.
நான் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
மெல்ல, கடன்காரன் காசு எடுப்பதுபோல் மெல்ல,
அது மேலே வந்தது.

இதயம் தள்ளுவது குறைந்தால் நீர் கோத்துக்கொள்ளும், ஊ,
நிற்கிறவருக்குக் காலில்தான் முதலில் தெரியும்.
இந்த எடை முழுக்க நீங்கள் இல்லை.
நான்கரை கிலோ தண்ணீர் என்றாள்.
மனசு தானாக வீசையாக்கியது: இரண்டே முக்கால்.

இரண்டே முக்கால் வீசை தெளித்து
என்னிடமே விற்றிருக்கிறது இந்த உடம்பு!

இப்போது தினமும்
மூத்திரம் போனபின், டீக்கு முன்,
அதே கைலியோடு ஏறி நிற்கிறேன்.
வீட்டுக்கு வாங்கிய கண்ணாடித் தராசை நான் நம்பவில்லை;
சந்தையின் பத்து வீசைக் கல்லைத் தூக்கிவந்து வைத்துப் பார்த்தேன்.
இருநூறு கிராம் பொய்.
தினமும் அதே பொய் என்றால் பரவாயில்லை என்றாள் டாக்டர்.
முப்பத்தொரு வருஷத்தில்
எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அங்கம்மா பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறாள்,
வராத பாக்கிகளுக்குப் பக்கத்தில்.
மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால்
மாத்திரையோடு வாதாடாமல் வரவேண்டும்.
ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்
அன்றைக்கே, அந்த நேரமே.
காலை மாத்திரை போட்டால்
பத்து மணி வரை கக்கூஸ் வாசலில்தான் என் அலுவலகம்.
குடிக்கிற தண்ணீருக்கும் அளவு, கோடு போட்ட பாட்டிலில்.

எல்லாம் சரி. நாப்பிதான்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று
பழமொழி சொல்லிப் பார்த்தேன், அங்கம்மா அசையவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
என் உடம்பு உப்பை மறப்பதேயில்லை,
ஒரு கரண்டி நாப்பிக்கு
ஒரு செம்பு தண்ணீரைப் பிடித்துவைத்து நன்றி காட்டுகிறது.

தடின்ஜுட் விளக்கு வைத்த இரவு
சந்தைப் பையன்கள் மோகிங்கா கொண்டுவந்தார்கள்.
இரண்டு கிண்ணம், கூடவே நாப்பித் தொக்கு.
யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் தராசில் ஏறும்போது
என் கை ஜன்னல் கம்பியில் இருந்தது.
லேசாகத்தான் பிடித்திருந்தேன்.
முள் இறங்கியது.
அறுபத்தெட்டு என்றேன்.
அங்கம்மா எழுதினாள், பேனாவை மூடினாள்,
பிறகு குனிந்து
என் காலில் கட்டைவிரலை வைத்தாள்.

அந்தக் குழி நிறைய எவ்வளவு நேரம் ஆனதென்று
நாங்கள் பேசவில்லை.
கம்பியை விடுங்க, என்றாள்.
எழுதியதை அடித்துவிட்டு
அறுபத்தொன்பது முந்நூறு என்று எழுதினாள்.

மத்தியானம் கோ ஸா வந்து
கால் உயர்த்திப் படுக்க ஒரு உளுந்து மூட்டை போட்டுப் போனான்.
வெயில் ஜன்னல்வரை வந்திருந்தது.
காய்ந்த மூட்டைதான்,
கையை விட்டுப் பார்த்துத்தான்
காலை வைத்தேன்.