ஒன்றில் மட்டும் டிக் போடவும்

பீட்டர்ஹெட் துறைமுகத்தில்
மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை.
செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு வரை
இலவசச் சட்ட உதவி.
நான் வழக்கறிஞர் இல்லை,
வாசலில் படிவம் நிரப்புகிறவள்.
பகலில் பல் மருத்துவமனையில் இதே வேலைதான்.
அங்கே எந்தப் பல் என்று கேட்பேன்,
இங்கே எந்தச் சட்டம் என்று.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
வீடு, வேலை, குடும்பம், உயில், குற்றம்.
ஒன்றில் மட்டும் டிக் போடவும் என்று
தடித்த எழுத்தில் ஓர் அதட்டல்.

முதலில் வந்தவர் லாக்லன் பக்கன்.
எண்பத்தொன்று வயது, மனைவி இல்லை,
படகை விற்கப்போகிறார்.
எல்லாம் அடுத்த வீட்டுக்காரிக்கு,
கால்கரியில் இருக்கும் மகனுக்கு ஒரு பென்னி கூடக் கிடையாது.
உயில். சந்தேகமில்லாமல் டிக் போட்டேன்.

ஷோனா ரிச்சி பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:
"வீடும் நிலமும் உங்கள் இஷ்டம்.
ரொக்கம், படகு, நாற்காலி, கைக்கடிகாரம்,
எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய எதிலும்
ஸ்காட்லாந்தில் பிள்ளைக்குப் பாதி.
நீங்கள் எழுதினாலும், எழுதாவிட்டாலும்."
"பதினாறு வருஷமாகப் போன் பண்ணாதவனுக்குமா?"
"சட்டம் போன் பில் பார்ப்பதில்லை, மிஸ்டர் பக்கன்."

கிழவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"அப்படியென்றால் படகை விற்ற காசில்
ஒரு கொட்டகை வாங்கிப் போட்டால்?
நிலத்தோடு ஒட்டிய கொட்டகை?"
ஷோனா பதில் சொல்லவில்லை.
மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தாள்.

அடுத்து தைனியஸ், லிதுவேனியாக்காரர்.
மீன் வெட்டும் ஆலை, இரவு ஷிப்ட்,
கட்டைவிரலில் பிளாஸ்டர்.
மேஸ்திரியின் அண்ணன் வீட்டில் குடியிருந்தார்.
காலி செய்தபோது முன்பணம் நானூற்றைம்பது பவுண்ட் கேட்டார்.
மறுநாள் ஆலையில் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

வீடா? வேலையா?
என் பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்று
அங்கே ஒரு புள்ளி வைத்தது.

"முன்பணத்தை வீட்டுக்காரர் தன் பையில் வைக்கக் கூடாது,
அதற்கென்று அமைப்பு இருக்கிறது, அங்கே கட்ட வேண்டும்.
கட்டவில்லையென்றால் மூன்று மடங்கு வரைக்கும் கூடக் கேட்கலாம்."
தைனியஸ் தலையை ஆட்டினார்.
"மூன்று மடங்கு வேண்டாம். என்னுடையது மட்டும்."
"பெருந்தன்மை உங்கள் விருப்பம்.
ஆனால் கேட்பதற்கு மூன்று மாதம்தான் இருக்கிறது,
காலி செய்த நாளிலிருந்து."
அவர் விரல்விட்டு எண்ணினார்.
பிளாஸ்டர் போட்ட விரலையும் சேர்த்து.
வேலை போனதைப் பற்றி அடுத்த செவ்வாய்.

ஏழே முக்காலுக்குப் பாலூட்டும் பையோடு ஒரு பெண்,
முடியெல்லாம் மழை.
பெயர் மட்டும் சொன்னாள்: கிர்ஸ்டி.
ஹீட்டர் பக்கம் உட்கார்ந்தாள்,
படிவத்தைக் கையில் வாங்கவில்லை.
ஒரே ஒரு கேள்விதான் என்றாள்.
"பூட்டை மாற்றினால் குற்றமா?"

வீடு யார் பெயரில்?
அவர் பெயரில்.
பிரிவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்.
புத்தகத்தில் இருக்கும் பிரிவுக்கு எண் உண்டு.

ஷோனா மெதுவாகப் பேசினாள்.
"நீங்களே பூட்டை மாற்றுவது சரியாக வராது,
நீதிமன்றத்தில் கேட்டு அவரை வெளியே நிறுத்தலாம்.
ஆனால் அவரும் உங்களை வெளியே தள்ள முடியாது.
நீங்கள் மனைவி.
பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும்
அங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு."

"கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை."
சொன்னாள்.
"இன்னொரு முறை."
சொன்னாள்.
"எழுதிக் கொடுப்பீர்களா? சீல் வைத்து?"

எங்களிடம் சீல் இல்லை,
பிரிண்டரில் மை தீர்ந்து இரண்டு வாரம்.
என் கைப்பையில் இருந்தது
பல் மருத்துவமனைச் சீட்டுகள் மட்டும்.
பின்பக்கம் ஷோனா பெரிய எழுத்தில் எழுதினாள்,
கையெழுத்து, தேதி, போன் எண்.

கிர்ஸ்டி அதை நான்காக மடித்து
குழந்தையின் தொப்பிக்குள் வைத்தாள்.
முன்பக்கத்தில் அச்சடித்திருந்தது:
வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எட்டு மணி. ஹீட்டரை அணைத்தேன்.
அவளுடைய படிவம் மேஜையில் கிடந்தது,
கட்டங்களெல்லாம் காலி,
ஓரத்தில் மழை ஈரம்.
கோப்பில் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல்
மேலாக வைத்துப் பூட்டினேன்.