இடது கால் சப்பாத்து

ஜனவரி முதல் கிழமை, இரவு இரண்டு மணி.
பின்வளவில் யாரோ ஒரு பெண்ணைக்
கொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.
பொலிசுக்கு அடித்தேன்.
மறுமுனையில் இருந்தவள் கொட்டாவியோடு கேட்டாள்:
"மிட்சமா? அது நரி. துணை தேடுகிற மாதம்."

அதன்பிறகு அதைத் தெரிந்தவள்போல ஆகிவிட்டேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நெடி கையில் இருக்க
நான்கரை மணி பஸ்ஸில் இறங்கினால்
தபால்பெட்டிக்கும் யாருடையதோ வானுக்கும் நடுவில்
அது நிற்கும்.
நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள்.
நான் விழிப்பதில்லையே, தூங்கப் போகிறவள்.
தூங்கப் போகிறவளுக்கு என்ன பலன் என்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

அது இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை.
மஞ்சள் விளக்கு மினுங்கும் பாதசாரிக் கடவையில்
வரிசையாகக் கோடுகளை மிதித்து
நேராகக் கடந்து போயிற்று.

மார்ச்சில் என் வேலைச் சப்பாத்து காணாமல் போனது.
இடது கால் மட்டும்.
வாசலுக்கு வெளியே கழற்றி வைப்பது எங்கள் வழக்கம்.
சுகுணன் எதிர்வீட்டுப் பையனைச் சந்தேகித்தான்.

வலப்பக்கத்து டொரீன்
கோழித்தோலைத் தட்டில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.
இடப்பக்கத்து கிளென்
பூண்டும் வினாகிரியும் தெளித்துப் பார்த்து,
ரேடியோவை இரவெல்லாம் பாடவிட்டுப் பார்த்து,
ஒருநாள் வேலிக்கு மேலால் தலை நீட்டினான்:
"உங்களிடம் மிளகாய்த்தூள் இருக்குமா? நல்ல உறைப்பானது?"
எட்டு வருடத்தில் அவன் என்னோடு பேசிய
முதல் வசனம்.

முடிந்துவிட்டது என்றேன்.
மூன்று கிலோ இருந்தது.

மே மாதம், வெயிலும் தூறலும் ஒன்றாய் விழுந்த மத்தியானம்,
தூக்கம் கலைந்து ஜன்னலில் நின்றேன்.
டொரீனின் புல்லில் நான்கு குட்டிகள்.
நடுவில் என் சப்பாத்து.
ஒன்று கயிற்றை இழுக்க, ஒன்று நாக்கைக் கடிக்க,
ஒன்று உள்ளே தலையை விட்டு
எடுக்கத் தெரியாமல் பின்னால் பின்னால் நடந்தது.
பத்து மணிநேரம் நின்ற என் கால் வாசனை
அவற்றுக்கு அப்படி என்ன இனித்ததோ.
தாய் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது,
பிறகு மூடிக்கொண்டது.

அன்றிரவு வலது கால் சப்பாத்தையும்
படியில் வைத்தேன்.

விடிய வந்து பார்த்தால் அது அப்படியே கிடந்தது,
மழையில் ஊறி.
கிளென்னின் தோட்டக் கையுறைதான் போயிருந்தது.

வேலிக்கு மேலால் அவன் தலை எழும்பியது.
வாய் திறக்கும் முன் சொன்னேன்,
"இன்னும் வாங்கவில்லை."